களனி கங்கை: அணைக்கு உள்ளேயும் வெளியேயும்

வட கொழும்பில், நாகலகம் வீதியில், களனி கங்கையின் நீர்மட்டத்தைக் காட்டும் அளவுகோல் ஒன்று உண்டு. அங்கு நீர் 5 அடியை எட்டினால் அது சிறுவெள்ளம். 7 அடியைத் தாண்டினால் பெருவெள்ளம். இது நீர்ப்பாசனத் திணைக்களத்தின் நெடுநாள் வரையறை. 1947 ஆம் ஆண்டின் வெள்ளத்தில் 12.85 அடி பதிவாகியது. 1989 ஜூனில் 9 அடிக்குச் சற்று மேல். 2016 மே மாதத்தில் ஏறத்தாழ ஏழரை அடி. இம்மூன்று எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. 1947 ஐ விட 5 அடி குறைவாக வந்த நீர், 2016 இல் வெல்லம்பிட்டியிலும் கொலன்னாவையிலும் அத்தனை வீடுகளை எவ்வாறு மூழ்கடித்தது?

விடை ஆற்றில் இல்லை, கரையில் இருக்கிறது.

மலைநாட்டின் மேற்குச் சரிவில் பெய்யும் கடும் மழையைச் சுமந்துகொண்டு களனி கங்கை விரைந்து இறங்குகிறது. ஹங்வெல்லையைக் கடந்ததும் நிலம் தட்டையாகிவிட, ஆறு அகலத் தொடங்குகிறது. பெருமழைக் காலத்தில் இருபுறத்துத் தாழ்நிலங்களும் அந்த ஆற்றின் ஒரு பகுதியே. பிரித்தானிய ஆட்சியினர் இதனை அறிந்தே 1924 இல் வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தை இயற்றினர். வெள்ளப் பிரதேசங்களைப் பிரகடனம் செய்யவும் அவற்றுக்கெனத் திட்டம் வகுக்கவும் அச்சட்டம் வழிசெய்தது. துறைமுகமும் வணிக நகரமும் காக்கப்பட வேண்டும் என்பதே அவர்களது முதற்கவலை. வடகரையிலும் தென்கரையிலும் மண் அணைகள் அமைந்தன.

அணை என்பது வரைபடத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு ஒருபுறம் பாதுகாக்கப்பட்ட நகரம். மறுபுறம், அணைக்கும் ஆற்றுக்கும் இடையில், நீர் வந்து தங்குவதற்கென விடப்பட்ட நிலம். பொறியியலாளர் பார்வையில் இதில் பிழையேதும் இல்லை. ஆனால் அந்நிலம் வெறுமையாகவே இருக்கும் என்ற எதிர்பார்ப்பின் மீதுதான் முழுத்திட்டமும் நின்றது. துறைமுகத்திலும் சந்தைகளிலும் தொழில் தேடி வந்த ஏழைகளுக்கு, மூவினத்தவர்க்கும், நகரை அண்டி மலிவாகக் கிடைத்த இடம் இத்தகைய பள்ளநிலங்களே. குடிசை வீடாயிற்று. பின்னர் மின்சாரம் வந்தது, வாக்காளர் இடாப்பில் பெயரும் ஏறியது. வாக்கைப் பெற்றுக்கொண்ட அரசியல்வாதிகள் வெள்ள வரைபடத்தை நினைவூட்டியதாக நான் எழுதிய செய்தி ஒன்றுகூட இல்லை.

ஏழைகளை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று. கொழும்பு மாவட்டத்தின் தாழ்நிலங்களை மீட்பதற்கென்றே 1968 இல் சட்டமியற்றிச் சபையொன்றை நிறுவியது அரசுதான். மீட்பு! யாரிடமிருந்து மீட்பது? கோட்டே, கொலன்னாவைச் சதுப்புகள் மழைநீரைத் தேக்கி மெதுவாக விடுவிப்பவை. அவை நிரவப்பட்டால் அந்த நீர் அடுத்தவர் முற்றத்தைத்தான் தேடிச் செல்லும். 1992 ஜூன் 4 ஆம் திகதி ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியபோது, ஆறு பெருகும்வரை காத்திராமலே தலைநகர் நீரில் நின்றது. அணை வெளிநீரைத் தடுக்கும். உள்ளே பெய்த மழையை அது என்ன செய்யும்? 2010 நவம்பரில் தியவன்னா ஓயாச் சதுப்பினிடையே அமைந்த பாராளுமன்ற வளாகத்திலேயே வெள்ளம் புகுந்தது. சட்டம் இயற்றுவோர் சதுப்புநிலத்தின் இயல்பை அதைவிடக் கிட்டத்தில் கற்றிருக்க முடியாது. எஞ்சிய சதுப்புகளின் பேரில் 2018 இல் கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற தகுதி கிடைத்தமை ஓர் ஆறுதல்.

2005 ஆம் ஆண்டின் அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் பின்னர் நாட்டில் வரைபடங்களுக்குப் பஞ்சமில்லை. எந்த மழைக்கு எந்தப் பகுதி மூழ்கும் என்பதைக் கணினியிலே காட்ட முடிகிறது. ஆயின் காணி வாங்குபவர் கையில் கிடைப்பது உறுதி மட்டுமே. நான்கு எல்லைகளும் பரப்பளவும் அதில் இருக்கும். 1989 இல் அங்கு நீர் எவ்வளவு உயர்ந்தது என்பது இராது. உள்ளூராட்சி மன்றங்கள் கட்டட அனுமதிப் பத்திரத்தில் அந்த ஒரு வரியைச் சேர்ப்பதற்குப் புதிய ஆய்வு தேவையில்லை. கிராம உத்தியோகத்தர் ஒருவர் முதியவர்களைக் கேட்டுக்கொண்டு நடந்தால், பழைய வெள்ளத்தின் எல்லையைப் பெரும்பாலும் ஒரு நாளில் குறித்துவிடலாம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டைச் சிதைத்தபோது களனி கங்கை மீண்டும் பெருவெள்ளமாய்த் திரண்டது. கீழ்க்கரை மக்கள் வெளியேறுமாறு அறிவிக்கப்பட்டனர். அறிவிப்பில் வந்தது நாகலகம் வீதியின் அடிக்கணக்கு. அது தம் வாசற்படியில் எத்தனை அடியாகும் என்பதைக் கணிக்க வெல்லம்பிட்டியாருக்கு இருந்த அளவுகோல், 2016 ஆம் ஆண்டின் வெள்ளம் சுவரில் விட்டுச்சென்ற கறைதான்.