வென்ஃப்ளானை எப்போ மாத்தணும்? ஒரு 72 மணி நேரக் கணக்கின் கதை

இந்த எபிசோட் என் பாட்டியோட கையில ஆரம்பிக்குது. ஆஸ்பத்திரியில மூணாவது நாள். டிரிப்ஸ் ஏத்த கையில குத்தி வைப்பாங்களே, வென்ஃப்ளான், அது நல்லாத்தான் இருந்தது. சிஸ்டர் வந்து, "மூணு நாளாச்சு, மாத்தணும்"னாங்க. பாட்டிக்கு நரம்பு கிடைக்கல. நாலாவது குத்துலதான் ஏறுச்சு. "நல்லா இருந்தத ஏம்மா புடுங்கின?"ன்னு பாட்டி கேட்டாங்க. நியாயமான கேள்வி.

1950இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டேவிட் மாசா என்ற இளம் மருத்துவர் உலோக ஊசிக்கு மேலே பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தினார். ஊசியை உருவினாலும் குழாய் உள்ளேயே தங்கும். வசதிதான். ஆனா உள்ளே தங்குறது கிருமிக்கும் வழிதானே?

1970-71இல் அந்தப் பயம் நிஜமானது. டிரிப்ஸ் பாட்டில் மூடிகளில் இருந்த கிருமி, அமெரிக்கா முழுக்கப் பல ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளின் ரத்தத்தில் கலந்தது. தப்பு மூடியில. ஆனா அதுக்கப்புறம் எல்லாத்துக்கும் கடிகாரம் வந்துடுச்சு. டிரிப்ஸ் செட்டை 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மாத்தணும்னு அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொன்னது. கைக்குழாய்க்கு 1980களில் 48 முதல் 72 மணி நேரம். 2002இல் 72 முதல் 96. கெடு நீண்டுகிட்டே போனதைக் கவனிங்க. நாள் ஆக ஆக நரம்பு வீங்குதுன்னு பார்த்திருந்தாங்க, சரி. ஆனா புதுசா குத்தின இடமும் வீங்கலாமே?

இதைத்தான் கிளேர் ரிக்கார்ட் குழு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் சோதிச்சுப் பார்த்தது. 3,283 நோயாளிகள். பாதிப் பேருக்கு மூணு நாளுக்கு ஒருமுறை மாத்தினாங்க; மீதிப் பேருக்கு வலியோ வீக்கமோ அடைப்போ வந்தா மட்டும். 2012இல் முடிவு வந்தது: நரம்பு அழற்சி ரெண்டு பக்கமும் 7 சதவீதம். பாட்டி கேட்டது சரிதான்னு எனக்கு ஒரே சந்தோஷம்.

ஆனா கதை அங்க முடியல. ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனை 2018இல் 96 மணி நேர விதியைக் கைவிட்டது. கைக்குழாயால் வந்த ரத்தத் தொற்று அதுக்கு முன்னாடி ரெண்டேகால் வருஷத்தில் 11. அதுக்கப்புறம் ஒன்றரை வருஷத்தில் 46. 2019 அக்டோபரில் பழைய விதிக்கே திரும்பிட்டாங்க.

இது ஏன்? என் கணிப்பு: 'தேவைப்பட்டா மாத்து'ன்னா யாராவது தினமும் கையைப் பார்க்கணும். ஆய்வுன்னா பார்க்க ஆள் இருக்கும். நிரம்பி வழியிற வார்டில், ராத்திரி ஷிஃப்ட்ல?

பாட்டியோட புதுக் குழாயை நான் தினமும் காலையில பார்த்தேன். ரெண்டாம் நாளே சுத்திச் சிவந்திருந்தது. சிஸ்டரைக் கூப்பிட்டேன், உடனே எடுத்துட்டாங்க. மேல ஒட்டியிருந்த பிளாஸ்திரியில எழுதின தேதிப்படி இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது.