புத்தளக் கரையில் கமரா: உடற்பகுதியும் வில்லையும்

இலங்கையில் ஒளிப்படத் தொழில் 19ஆம் நூற்றாண்டில் கொழும்பிலும் கண்டியிலும் ஸ்கீன், ஸ்கோவன் போன்றோரின் நிலையங்களில் வேரூன்றி, 1890இல் தொடங்கிய பிளாட்டே நிறுவனத்தின் காலத்தில் செழித்தது. கண்ணாடித் தகட்டில் இரசாயனம் பூசி, அது உலருமுன் படம்பிடித்துக் கழுவ வேண்டிய ஈரத்தகட்டு முறைக்கு இருட்டறையும் சுமையாட்களும் தேவைப்பட்டதால், கமரா நெடுங்காலம் நிலையத்தாரின் உடைமையாகவே இருந்தது. சிலாபம், புத்தளம், கற்பிட்டி மக்கள் அதன் முன்னே நின்றார்களேயன்றி அதற்கு உரிமையாளராகவில்லை.

வில்லை வழியே வரும் ஒளியைக் கண்ணாடியொன்றினால் மேலே திருப்பி, படத்தில் பதியவிருக்கும் காட்சியையே கண்ணுக்குக் காட்டும் ஒற்றைவில்லை எதிரொளிப்புக் கமரா, 1936இல் வெளிவந்த எக்ஸாக்டாவினால் 35 மி.மீ. படச்சுருளுக்கு வந்து, 1959இல் வெளியான நிக்கோன் எஃப் வழியாகத் தொழில்முறைக் கருவியாக நிலைபெற்றது. அதன் பெரும்பேறு, தேவைக்கேற்ப வில்லையைக் கழற்றி மாற்ற முடிந்தமையாகும். எனினும் 1970 முதல் 1977 வரை நிலவிய கடுமையான இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் இத்தகைய கருவிகள் இலங்கையில் அரிதாயின. 1977இன் பின்னர் பொருளாதாரம் திறக்கப்பட்டபோதே அவை நடுத்தரக் குடும்பங்களை நெருங்கின.

டிஜிட்டல் யுகமும் பழைய வில்லைகளின் மீதே எழுந்தது. 1991இல் கொடக் வெளியிட்ட முதல் வணிக டிஜிட்டல் ஒற்றைவில்லை எதிரொளிப்புக் (டி.எஸ்.எல்.ஆர்.) கமரா, நிக்கோன் எஃப்3இன் உடற்பகுதியில் 13 இலட்சம் படப்புள்ளிகள் கொண்ட உணரியைப் பொருத்தியதாகும்; அதன் விலை 20,000 அமெரிக்க டொலருக்குக் குறையவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 2003இல் கெனன் 300டி, 18-55 மி.மீ. குவியத்தூர வில்லையுடன் 1,000 டொலருக்குள் கிடைத்தபோது, முதற்கமரா வாங்குவோர் என்ற புதிய வகுப்பு உருவாயிற்று.

அவ்வகுப்பினருக்குப் புத்தளக் கரை தரும் காட்சிகளே வில்லைத் தேர்வைத் தீர்மானிக்கின்றன. உடப்பு திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பு நாளில் மாலை மயங்கிய பின்னும் படமெடுக்க விரும்புவோருக்கு, துளை எண் 1.8 கொண்ட 50 மி.மீ. வில்லை, 5.6 துளை எண்ணுடைய சாதாரண வில்லையைவிட ஒன்பது மடங்குக்கு மேலான ஒளியை உள்ளே விடுகிறது. அது எல்லா வில்லைகளிலும் மலிவானவற்றுள் ஒன்றுமாகும். கற்பிட்டிக் கடலில் துள்ளும் ஓங்கில்களையும், 2001இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட ஆனைவிழுந்தான் குளங்களின் பறவைகளையும் நாடுவோருக்கு 70-300 மி.மீ. வில்லை வேண்டும்; தொடக்கநிலைக் கமராக்களின் சிறிய உணரி காட்சியின் நடுப்பகுதியை மட்டும் பதிவதால், அதன் 300 மி.மீ., 35 மி.மீ. படச்சுருளளவு உணரியுடைய முழுச்சட்டக் கமராவின் 450 முதல் 480 மி.மீ. வரையானதற்கு நிகராகிறது. தலவில புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாக் கூட்டத்தைப் பதிய 18-55 மி.மீ. வில்லையே போதுமானது.

வில்லையை உடற்பகுதியுடன் இணைக்கும் பொருத்துவளையத்தின் வரலாறும் சிக்கனக்காரருக்குப் பாடமாகும். கெனன் 1987இல் தன் பழைய வளையத்தைக் கைவிட்டு இ.எஃப். வளையத்துக்கு மாறியது; அன்று முதலான இ.எஃப். வில்லைகள் அதன் எல்லா டி.எஸ்.எல்.ஆர். கமராக்களிலும் தாமாகவே குவியம் கொள்கின்றன. நிக்கோன் 1959இன் வளையத்தையே பேணினாலும், 2006இன் டி40 போன்ற மலிவான உடற்பகுதிகளில் குவிய மோட்டார் இல்லாமையால், மோட்டாரற்ற பழைய வில்லைகளைக் கையாலேயே திருப்ப வேண்டியுள்ளது. 2018இல் இரு நிறுவனங்களும் கண்ணாடியற்ற கமராக்களுக்கெனப் புதிய வளையங்களை அறிமுகப்படுத்திய பின், பலர் தம் டி.எஸ்.எல்.ஆர். கருவிகளை விற்கத் தலைப்பட்டனர். 2022இன் நெருக்கடியில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை உயர்ந்த நாட்டில், பாவித்த கருவியே பலருக்கு எட்டும் வழியாயிற்று.

ஆனால் உப்பளங்களும் களப்பும் சூழ்ந்த புத்தளம் மாவட்டத்தின் ஈரக்காற்று பாவித்த வில்லைக்குப் பகையாகும். வில்லையின் பின்புறமிருந்து கைவிளக்கைப் பாய்ச்சி முன்புறம் நோக்கினால், பூஞ்சை படர்ந்த கண்ணாடியில் சிலந்தி நூல் போன்ற கிளைகள் தெரியும். அத்தகைய வில்லை எவ்வளவு மலிவாயினும் வாங்கத்தக்கதன்று. நல்ல வில்லையையும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இட்ட மூடிய பெட்டியில் வைத்துக் காக்க வேண்டும்.

உடற்பகுதிகள் சில ஆண்டுகளில் பழமையடைய, பேணப்பட்ட வில்லைகள் பல உடற்பகுதிகளைக் கடந்து வாழ்வதையே இவ்வரலாறு காட்டுகிறது. ஆதலால் குறைந்த பணத்துடன் தொடங்குவோர், பழைய உடற்பகுதியொன்றையும் பழுதற்ற நல்ல வில்லையொன்றையும் தேர்வதே அறிவுடைமையாகும்.