புரட்சியாளரும் பயங்கரவாதியும்: மணியாச்சி முதல் ஸ்ரீபெரும்புதூர் வரை

நாடு ஒன்றை உருவாக்கவோ அந்நிய ஆட்சியிலிருந்து மீட்கவோ ஆயுதம் எடுத்தவரைப் புரட்சியாளர் என்பதா, பயங்கரவாதி என்பதா என்னும் வழக்கு தமிழ்நாட்டில் நூறாண்டுக்கு மேலாக நடந்துவருகிறது. வென்றவர் புரட்சியாளர், தோற்றவர் பயங்கரவாதி என்று சொல்லி முடித்துவிடுவோர் உண்டு. அந்த விளக்கம் போதாது. திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் சேர்ந்திருந்த இரகசியக் குழு எதையும் வெல்லவில்லை. ஆனாலும் அவர் பெயரை ஒரு ரயில் சந்திப்பு சுமக்கிறது. ஆயுதம் யார்மேல் திரும்பியது, அதை ஏந்தியவர்கள் தம் மக்களுக்குள் மாற்றுக் கருத்தைப் பொறுத்தார்களா, அவர்கள் கட்ட நினைத்த நாட்டில் யாருக்கெல்லாம் இடம் இருந்தது என்று கேட்டால்தான் வேறுபாடு பிடிபடும்.

ஆட்சியாளர் சூட்டும் பெயரை மட்டும் நம்பினால் குழப்பமே மிஞ்சும். ரௌலட் சட்டம் என்று நாம் அறிந்த 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் முழுப் பெயரில் 'அராஜகக் குற்றங்கள், புரட்சிக் குற்றங்கள்' என்றே இருந்தது. 1932இல் வங்காளத்தில் அதேவகை இளைஞர்களை ஒடுக்க வந்த சட்டம் 'பயங்கரவாத அட்டூழியங்கள்' என்று தலைப்பிட்டுக்கொண்டது. விடுதலைக்குப் பின் அவர்களுக்குத் தியாகி ஓய்வூதியம் கிடைத்தது. பிபன் சந்திராவும் அவருடைய சக ஆசிரியர்களும் எழுதிய விடுதலைப் போராட்ட வரலாற்று நூல் பகத்சிங் குழுவினரைப் 'புரட்சிகரப் பயங்கரவாதிகள்' என்று குறித்ததற்காக 2016இல் நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்தது. டெல்லிப் பல்கலைக்கழகம் அதன் இந்தி மொழிபெயர்ப்பு விற்பனையை நிறுத்தியது.

திருநெல்வேலி, 1908–1912

1906இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை அவரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்று நடத்தினர். மார்ச் 12இல் இருவரும் கைதாகினர். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சிக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கப்பல் கம்பெனி நொடித்தது, சிறையில் வ.உ.சி செக்கிழுத்தார். திறந்த அரசியல் செய்தவர்களுக்கு நேர்ந்த கதி இது. இரகசியச் சங்கங்கள் இதன் பிறகே இப்பகுதியில் வேர்விட்டன என்பதை மறந்துவிட்டு மணியாச்சிக் கொலையைப் பேசுவது நேர்மையாகாது.

சீர்காழியை அடுத்த எருக்கூரைச் சேர்ந்த நீலகண்ட பிரம்மச்சாரி தென் மாவட்டங்களில் ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்தார். காளி படத்தின் முன் குங்குமம் கரைத்த நீரை வெள்ளையர் இரத்தமாகப் பாவித்துக் குடித்து, விரலைக் கீறி உறுதிமொழியில் இரத்தம் பதித்தார்கள் என்பது பின்னர் நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு வைத்த சாட்சியம். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்ததால், பாரதி 1908இலும் அரவிந்தர் 1910 ஏப்ரலிலும் அங்கே அடைக்கலம் புகுந்தனர். லண்டன் இந்தியா ஹவுஸில் சாவர்க்கரோடு இருந்த வ.வே.சு.அய்யரும் அதே ஆண்டு வந்துசேர்ந்தார். செங்கோட்டைக்காரரும் திருவிதாங்கூர் வனத்துறை ஊழியருமான வாஞ்சி புதுச்சேரி போய் அய்யரிடம் துப்பாக்கி சுடப் பழகினார் என்பது காவல்துறையும் பிற்கால ஆய்வாளர் பலரும் வந்தடைந்த முடிவு.

1911 ஜூன் 17 காலை, திருநெல்வேலி ஆட்சியர் ராபர்ட் ஆஷ் தம் மனைவியோடு கொடைக்கானலுக்குப் புறப்பட்டிருந்தார். மணியாச்சியில் ரயில் நின்றபோது வாஞ்சி முதல் வகுப்புப் பெட்டிக்குள் ஏறி அவரைச் சுட்டார். எதிரே இருந்த மனைவியை ஒன்றும் செய்யவில்லை. பிறகு நடைமேடைக் கழிப்பறைக்குள் ஓடி வாய்க்குள் சுட்டுக்கொண்டார். ஒரே ஒரு அதிகாரி, அவர் செயலுக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவர், அருகிலிருந்தவருக்குத் தீங்கில்லை, கொன்றவர் தம் உயிரையும் அங்கேயே கொடுத்தார். கூட்டத்தை நடுங்க வைப்பதற்காகக் கண்ணில் பட்டவரைக் கொல்லும் செயலோடு இதை ஒரே தட்டில் வைக்க முடியாது.

ஆயினும் வாஞ்சியின் சட்டைப்பையில் கிடைத்த கடிதம் வேறொரு கேள்வியை எழுப்புகிறது. முடிசூடவிருந்த ஐந்தாம் ஜார்ஜை மாட்டிறைச்சி தின்னும் 'மிலேச்சன்' என்று அது இழித்தது. சனாதன தர்மம் மிதிபடுகிறது என்று குமுறியது. மாட்டிறைச்சி உண்பதையே வசையாக்கிய இந்தக் கடிதத்தில் அந்நியன் வெளியேறிய பின் வரப்போகும் நாட்டில் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு என்ன இடம்? தலித் எழுத்தாளர்களும் பெரியார் வழிவந்தவர்களும் இதை விடாமல் கேட்டுவந்தது முழுக்க நியாயம். அதே வேளையில், பிரசவ வேதனையிலிருந்த தலித் பெண்ணை ஆஷ் அக்கிரகாரம் வழியாக வண்டியில் கொண்டுசென்றதால்தான் கொல்லப்பட்டார் என்று உலவும் கதைக்குச் சான்று இல்லை. ஆ.இரா.வேங்கடாசலபதி இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கடிதத்தில் உள்ள சாதியைக் காட்டப் புனைகதை வேண்டியதில்லை, கடிதமே போதும்.

கைதுக்கு அஞ்சி இருவர் தற்கொலை செய்துகொண்டனர். பதினான்கு பேர்மேல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 1912 தீர்ப்பில் நீலகண்டருக்கு ஏழாண்டுக் கடுங்காவல் கிடைத்தது. மூன்று நீதிபதிகளுள் ஒருவரான சங்கரன் நாயர் மற்ற இருவரோடு உடன்படாமல் தனித் தீர்ப்பு எழுதினார். பாரதியின் பாடல் ஒன்று அதில் ஆங்கிலத்தில் இடம்பெற்றது. பின்னாளில் ஜாலியன்வாலா பாக் படுகொலையை ஒட்டி வைஸ்ராயின் நிர்வாகக் குழுவிலிருந்து விலகியவர் இவரே. நீலகண்டர் 1920களில் பொதுவுடைமைக் கருத்துக்காக மீண்டும் சிறை சென்று, கடைசியில் நந்தி மலையில் துறவியாக வாழ்ந்து 1978இல் மறைந்தார்.

வ.வே.சு.அய்யர் காந்தி வழிக்குத் திரும்பி, சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். அங்கே பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனிப்பந்தி வைத்ததை எதிர்த்து வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கிளர்ந்தெழுந்தனர். அந்தப் பூசல் தணியுமுன், 1925 ஜூனில், அய்யர் பாபநாசம் அருவியில் மூழ்கி இறந்தார். வாஞ்சியின் கடிதம் எழுப்பிய கேள்வி பதினான்கு ஆண்டு கழித்து அவருடைய ஆசான் வீட்டுச் சாப்பாட்டுப் பந்தியில் வந்து உட்கார்ந்தது என்றே இதைப் படிக்க வேண்டும்.

பகத்சிங்கும் தமிழ்நாடும்

இந்த வேறுபாட்டைத் தாமே எண்ணிப் பார்த்த போராளி பகத்சிங். 1928 டிசம்பரில் காவல்துறை அதிகாரி சாண்டர்ஸ் கொலையில் அவர் பங்குபெற்றார். துரத்தி வந்த இந்தியக் காவலர் சனன் சிங்கும் அன்று உயிரிழந்தார். 1929 ஏப்ரல் 8இல் மத்திய சட்டமன்றத்தில் அவரும் பதுகேஸ்வர் தத்தும் எறிந்த குண்டுகள் ஆளில்லாத இடம் பார்த்து வீசப்பட்டவை. இருவரும் தப்பி ஓடாமல் நின்றனர். 1931 பிப்ரவரியில் இளம் அரசியல் ஊழியர்களுக்கு எழுதியபோது, தம் தொடக்க காலம் நீங்கலாகத் தாம் பயங்கரவாதி அல்லர் என்றும், அந்த வழியில் எதையும் அடைய முடியாது என்றும், தொழிலாளரையும் உழவரையும் திரட்டுவதே பணி என்றும் தெளிவாகச் சொன்னார். அடுத்த மாதம் 23ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். அந்த வாரமே பெரியார் 'குடி அரசு' தலையங்கத்தில் அவரைப் போற்றினார். 'நான் ஏன் நாத்திகன்' கட்டுரையை ஜீவானந்தம் தமிழாக்கினார். அதற்காக அவரும் வெளியிட்ட ஈ.வெ.கிருஷ்ணசாமியும் சிறை புகுந்தனர். வாஞ்சியை ஏற்கத் தயங்கிய பெரியாரின் இயக்கம் பகத்சிங்கைத் தழுவிக்கொண்டதற்குக் காரணம் துப்பாக்கி அல்ல, அவர் கனவு கண்ட சமுதாயம்.

1942இல் குலசேகரன்பட்டினத்தில் உப்புத்துறை அதிகாரி லோன் கொல்லப்பட்ட வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, அது நிறைவேறாமல் நின்றது. இன்று அவர்கள் தியாகிகள் வரிசையில் இருக்கிறார்கள்.

ஈழமும் ஸ்ரீபெரும்புதூரும்

இலங்கையில் தனி நாட்டுக் கோரிக்கை 1976 மே 14 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தில் முறையாகப் பிறந்தது. அதற்கு முந்தைய ஆண்டே யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அவர் ஒரு தமிழர். இலங்கை அரசு 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தன. வெலிக்கடைச் சிறைக்குள் தமிழ்க் கைதிகள் 53 பேர் கொலையுண்டனர். அரசின் காவலில் இருந்தவர்கள் அவர்கள். அந்த ஆண்டு தமிழ்நாடு முழுவதும் கடையடைத்து அழுதது. போராளி இயக்கங்களுக்கு இங்கே இடமும் பணமும் பயிற்சியும் கிடைத்தன. அந்த இளைஞர்களை அன்று இங்கே பயங்கரவாதி என்றவர் அரிது.

போராட்டத்தின் நியாயம் அதை நடத்தியவர்களின் எல்லாச் செயலையும் நியாயமாக்கவில்லை. 1989இல் அமிர்தலிங்கமும் 1990 ஜூனில் சென்னை கோடம்பாக்கத்தில் பத்மநாபாவும் தோழர்களும் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். இருவருமே தமிழ் மக்களின் தலைவர்கள். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டனர். அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் ஒட்டுமொத்தமாக விரட்டப்பட்டனர். தமிழ் பேசும் அம்மக்களுக்கு வரப்போகும் நாட்டில் இடமில்லை என்று அதோடு சொல்லியாயிற்று.

1991 மே 21 இரவு, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில் தேர்தல் கூட்டத்துக்கு வந்த ராஜீவ் காந்தியைத் தற்கொலைக் குண்டு கொன்றது. பாதுகாப்புக்கு நின்ற காவலர்களும், அவர் முன் கவிதை வாசிக்க வந்த சிறுமியும், அவள் தாயும் மாண்டனர். மணியாச்சிப் பெட்டியில் எதிரே இருந்தவர் உயிரோடு இறங்கினார். ஸ்ரீபெரும்புதூரில் அருகில் நின்றவர் எவரும் பொருட்டாகவில்லை. 1992 மே 14இல் இந்தியா புலிகளைத் தடை செய்தது.

தடா என்னும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்துக்கான பூந்தமல்லி நீதிமன்றம் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே 11இல் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு அதை உறுதிசெய்து, மூவருக்கு ஆயுளாகக் குறைத்து, 19 பேரை விடுவித்தது. தடாவின் கீழ் இது பயங்கரவாதச் செயல் ஆகாது என்றும் அத்தீர்ப்பு கூறியது. அரசை மிரட்டிப் பணியவைக்கும் அல்லது மக்களிடையே பீதி பரப்பும் நோக்கம் நிறுவப்படவில்லை, நோக்கம் ஒருவரைக் கொல்வதே; ஆகவே இது கொலை, கொலைச் சதி. சட்டத்தின் அளவுகோலில் சரியான முடிவு. அந்தச் சிறுமியின் சாவை அது புரட்சியின் கணக்கில் சேர்த்துவிடவில்லை. எஞ்சிய ஏழு பேரும் 2022இல் விடுதலையாயினர்.

பிற நாடுகளில்

1946 ஜூலை 22இல் ஜெருசலேம் கிங் டேவிட் ஹோட்டலை இர்குன் குழு தகர்த்ததில் 91 பேர் இறந்தனர். அதன் தலைவர் மெனாகெம் பெகின் 1977இல் இஸ்ரேலின் பிரதமரானார். நெல்சன் மண்டேலா 1964 ரிவோனியா வழக்கில் நாசவேலை, கொரில்லாப் போர், பயங்கரவாதம், வெளிப்படையான புரட்சி என்று நான்கு வழிகளைத் தனித்தனியே எடுத்துரைத்து, உயிர்ச்சேதம் தவிர்க்கும் நாசவேலையை முதலில் தேர்ந்ததன் காரணத்தை நீதிமன்றத்துக்கு விளக்கினார். பின்னாளில் எல்லோரும் ஒரே நாட்டில் வாழ வேண்டியவர்கள் என்பதே அக்காரணம். அப்படியிருந்தும் 2008 வரை அமெரிக்காவின் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. பயங்கரவாதத்துக்கு எல்லா நாடுகளும் ஒப்பும் வரையறையை ஐக்கிய நாடுகள் அவை இன்னும் எட்டவில்லை. விடுதலைப் போராட்டங்களை அதில் சேர்ப்பதா விலக்குவதா என்பதே பெரிய முட்டுக்கட்டை.

இன்றைய சட்டம்

2002 ஜூனில் திருமங்கலத்தில் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக வைகோ பொடா என்னும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதாகி ஓராண்டுக்கு மேல் சிறையிலிருந்தார். பயங்கரவாதச் செயலுக்கு உதவும் நோக்கம் இல்லாத வெறும் ஆதரவுப் பேச்சு குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2003 டிசம்பரில் விளக்கியது. பொடா 2004இல் நீக்கப்பட்டு, அதன் பிரிவுகள் பல சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்குள் வந்தன. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, விசாரணையும் தீர்ப்பும் இல்லாமலே தனிமனிதர் ஒருவரைப் பயங்கரவாதி என்று அறிவித்துப் பட்டியலில் சேர்க்க ஒன்றிய அரசால் முடியும். பெயரை நீக்கக் கோருபவர் முதலில் அதே அரசிடம்தான் மனுக் கொடுக்க வேண்டும்.