எது ஒரிஜினல்?

போடிநாயக்கனூர் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் அந்த ஜீப் நின்றது. உடம்பு முழுக்க ராணுவப் பச்சை, பானட்டில் வெள்ளை நட்சத்திரம். “மிலிட்டரி வண்டி சார், உலகப் போர் பாத்தது” என்றார் விற்றவர். ஆர்.சி. புத்தகத்தில் 1968 என்று தெளிவாக இருந்தது. ஆசை கண்ணை மறைக்கும் என்பார்கள், எனக்கு எழுத்தையே மறைத்துவிட்டது. வாங்கிவிட்டேன்.

பட்டறையில் மெக்கானிக் அண்ணன் பானட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “தம்பி, இது எந்தப் போருக்கும் போகல. ஏலக்காட்டுக்குப் போன வண்டி.”

போருக்குப் போன ஜீப்பின் கதை வேறு. 1940-ல் அமெரிக்க ராணுவம் ஒரு சிறிய நான்கு சக்கர இயக்க வண்டி வேண்டுமென்று 135 நிறுவனங்களிடம் கேட்டது. முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது பான்டம் என்ற சின்ன நிறுவனம். பெரிய ஆர்டர்கள் போனதோ வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும். போர் முடிவதற்குள் இரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்து தள்ளின. போர் முடிந்ததும் வில்லிஸ் அதையே விவசாயிகளுக்கு விற்கப் பார்த்தது. சிஜே வரிசை அப்படிப் பிறந்ததுதான். சிவிலியன் ஜீப் என்பதன் சுருக்கம் அது.

அதே 1945-ல் இங்கே மஹிந்திரா அண்ட் முகமது என்ற நிறுவனம் தொடங்கியது. பிரிவினையில் குலாம் முகமது பாகிஸ்தான் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆனார். 1948-ல் நிறுவனத்தின் பெயர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா என்று மாறியது. கப்பலில் வந்த வில்லிஸ் பாகங்களை பம்பாயில் பூட்டி விற்க ஆரம்பித்து, படிப்படியாக ஜீப்பை இங்கேயே செய்தார்கள். நான் வாங்கியது அந்த வம்சத்து சிஜே-3பி.

இந்த மாடலைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம், பானட் எடுப்பாக உயர்ந்திருக்கும். வில்லிஸின் புதிய ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜினில் இன்டேக் வால்வுகள் மேலே ஏறியதால் இன்ஜின் உயரமானது. பழைய பானட் அதை மூடவில்லை, அதனால் பானட்டையே உயர்த்திவிட்டார்கள். அமெரிக்காவில் 1968-ல் இந்த மாடலை நிறுத்தினார்கள். மதராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆவதற்கு முந்தைய வருடமான அதே 1968-ல், என் வண்டி இங்கே ரோட்டுக்கு வந்திருக்கிறது.

ஆனால் என் பானட்டுக்குக் கீழே ஹரிக்கேன் இல்லை, பெஜோ டீசல்தான் இருந்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோல் ஜீப் வைத்துத் தொழில் செய்வது கட்டுப்படியாகவில்லை. மஹிந்திராவே முதலில் டிராக்டர் வகை டீசல் இன்ஜினையும் பிறகு பெஜோ டீசலையும் ஜீப்பில் வைத்து விற்றது. பழைய வண்டிக்காரர்கள் பட்டறைக்குப் போய் இன்ஜினை மாற்றிக்கொண்டார்கள். முடியாதவர்களின் ஜீப்புகள் காயலான் கடைக்குப் போயின.

உப்புக் காகிதம் போட்டுத் தேய்க்கத் தேய்க்கப் பச்சைக்குக் கீழே நீலம் வந்தது, அதற்கும் கீழே சாம்பல். தரையில் டின் தகடு வைத்து ஒட்டுப் போட்டிருந்தார்கள். பின்னால் ஏறுவதற்கு ஒரு இரும்புப் படி, உள்ளே நீளவாக்கில் இரண்டு பெஞ்சு, மேலே பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. எதுவும் கம்பெனி வைத்ததில்லை. அந்தக் கம்பியில் மட்டும் பெயின்ட்டே இல்லை, வழவழவென்று இருந்தது.

போடியில் விடியற்காலையில் நின்று பார்த்தால் அந்த வழவழப்புக்குக் காரணம் தெரியும். தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள் காத்திருப்பார்கள். ஒரு ஜீப்புக்குப் பதினைந்து பேருக்குக் குறையாமல் ஏறி, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய் சாயங்காலம் திரும்புவார்கள். அந்த ஏலக்காய் ஏலத்துக்கு வருவதும் இதே போடிக்குத்தான்.

2021-ல் வந்த விதிப்படி, 50 வருடம் தாண்டிய வண்டியை ‘வின்டேஜ்’ என்று பதிவு செய்யலாம். புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள். சேஸிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது, தினசரி ரோட்டில் ஓட்டவும் கூடாது. அருங்காட்சியகப் பொருளுக்கு எழுதிய விதி, அந்த அளவில் நியாயமானது. ஆனால் என் ஜீப்பை இத்தனை வருடம் உயிரோடு வைத்திருந்ததே அந்த மாற்றங்கள்தான். மாறாமல் தப்பித்தவை பெரும்பாலும் வேலைக்குப் போகாத வண்டிகள்.

பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். சேஸிஸ் எண்ணும் ஆர்.சி.யும் பொருந்துகிறதா, ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் சட்டம் துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பாடி புதிதாகவே கிடைக்கும், ஹரியானாவின் மண்டி டப்வாலியில் ஜீப் கட்டுவதே ஒரு தொழில். அதன்மேல் ஒரு நட்சத்திரம் வரைந்தால் உலகப் போர் ரெடி.

நானும் அதைத்தான் செய்ய இருந்தேன். ஹரிக்கேன் இன்ஜின் ஒன்று தேடிப் பூட்டுவது, பெஞ்சை எடுப்பது, படியை வெட்டுவது என்று லிஸ்ட் போட்டு அண்ணனிடம் கொடுத்தேன். படித்தவர் கம்பியில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: “இதையும் அறுத்துரவா தம்பி? இந்த மாதிரி வண்டியிலதான் எங்கம்மா இருபது வருசம் மலைக்குப் போச்சு.” அவர் குரலில் குறை இல்லை, நான் சொன்னால் அறுத்திருப்பார்.

லிஸ்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பிரேக்கும் ஸ்டியரிங்கும் பார்த்தோம், தரையைச் சரியாக மூடினோம், நட்சத்திரத்தை அழித்தோம். டீசல் இன்ஜின் அப்படியே இருக்கிறது. வி.ஏ. பிளேட் கிடைக்காது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க நான் அலைய வேண்டும். பரவாயில்லை.

நீலத்தையே மறுபடி அடித்திருக்கிறேன். கம்பிக்கு மட்டும் பெயின்ட் இல்லை.