பட்டாம்பூச்சி, கொசு ஆகியவற்றின் வாழ்க்கை வட்டங்கள்

பட்டாம்பூச்சி (வண்ணத்துப்பூச்சி), கொசு (நுளம்பு) ஆகிய இரண்டும் முழு உருமாற்றம் அடையும் பூச்சிகள் ஆகும். முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, முதிர்பூச்சி என்னும் நான்கு நிலைகள் இரண்டுக்கும் பொதுவானவை. பட்டாம்பூச்சி செதிலிறகிகள் வரிசையையும், கொசு இருசிறகிகள் வரிசையையும் சேர்ந்தது. நிலைகள் ஒன்றாக இருந்தாலும், அவை கழியும் இடமும் உணவும் கால அளவும் பெரிதும் வேறுபடுகின்றன. இக்கட்டுரையில் எலுமிச்சைப் பட்டாம்பூச்சியும் (பாப்பிலியோ டெமோலியசு), டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு எசிப்தி கொசுவும் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்படுகின்றன.

முழு உருமாற்றம்

கரப்பான், வெட்டுக்கிளி போன்றவற்றின் குஞ்சுகள் தோற்றத்தில் பெற்றோரை ஒத்திருக்கும். இது குறை உருமாற்றம் எனப்படும். முழு உருமாற்றத்தில் குடம்பிக்கும் முதிர்பூச்சிக்கும் உருவ ஒற்றுமை இருப்பதில்லை. குடம்பியின் பணி உண்டு வளர்தல். முதிர்பூச்சியின் பணி இனப்பெருக்கம் செய்தலும் பரவுதலும் ஆகும். இரண்டும் வெவ்வேறு உணவை உண்பதால் தம்முள் போட்டியிடுவது குறைகிறது. எக்டைசோன் என்னும் இயக்குநீர் தோலுரித்தலைத் தூண்டுகிறது. இளமை இயக்குநீர் மிகுந்திருக்கும் வரை குடம்பி குடம்பியாகவே நீடிக்கும். அது குறையும்போது கூட்டுப்புழு நிலை தொடங்கும்.

முட்டை

எலுமிச்சைப் பட்டாம்பூச்சி எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை, வில்வம் போன்ற செடிகளின் இளந்தளிர்களில் முட்டைகளைத் தனித்தனியாக இடுகிறது. இளமஞ்சள் நிறமுடைய இவை சில நாட்களில் பொரிகின்றன.

ஏடிசு எசிப்தி தன் முட்டைகளை நீரின்மீது இடுவதில்லை. தொட்டி, குடம், பழைய வட்டுறை (டயர்) போன்றவற்றின் உட்சுவரில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே ஈரமான பகுதியில் இடுகிறது. இம்முட்டைகள் உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிருடன் இருக்கும். மீண்டும் நீர் படும்போது பொரியும். ஆகவே தொட்டியிலுள்ள நீரை வெளியேற்றுவது மட்டும் போதாது. உட்சுவரைத் தேய்த்துக் கழுவுதலும் வேண்டும். கியூலெக்சு கொசுக்கள் முட்டைகளைத் தெப்பம் போல் ஒட்டி நீரின்மேல் மிதக்கவிடுகின்றன. அனோபிலிசு முட்டைகள் தனித்தனியாக மிதக்கும்.

குடம்பி

பட்டாம்பூச்சியின் குடம்பி கம்பளிப்புழு அல்லது மயிர்க்கொட்டி எனப் பொதுவாக அழைக்கப்பட்டாலும், எல்லா இனங்களுக்கும் மயிர் இருப்பதில்லை. எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் இளம் புழு பறவையின் எச்சம் போலவும், வளர்ந்த புழு இலையின் பச்சை நிறத்திலும் காணப்படும். தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னாலிருந்து கவை போன்ற உறுப்பை நீட்டிக் கடும் மணத்தை வெளியிடும். இதற்கு ஐந்து வளர்ச்சிக் கட்டங்கள் உண்டு.

கொசுவின் குடம்பி நீரில் வாழ்கிறது. நுண்ணுயிர்களையும் மட்கிய பொருட்களையும் வடிகட்டி உண்ணும். நீரில் வாழ்ந்தாலும் வளிமண்டலக் காற்றையே சுவாசிப்பதால் அடிக்கடி மேற்பரப்புக்கு வருகிறது. ஏடிசு, கியூலெக்சு குடம்பிகள் வயிற்று நுனியிலுள்ள மூச்சுக்குழலை மேற்பரப்பில் வைத்துத் தலைகீழாகத் தொங்கும். அனோபிலிசு குடம்பிக்கு இக்குழல் இல்லை. அது நீர்ப்பரப்புக்கு இணையாகக் கிடக்கும். கொசுக் குடம்பிக்கு நான்கு வளர்ச்சிக் கட்டங்கள் உள்ளன.

கூட்டுப்புழு

இந்நிலையில் இரண்டும் உணவு உண்பதில்லை. எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் கூட்டுப்புழு தண்டில் பட்டு இழையால் கட்டப்பட்டு, இடம் பெயராது இருக்கும். சுற்றுப்புறத்திற்கு ஏற்பப் பச்சை அல்லது பழுப்பு நிறம் கொள்ளும். பட்டுப்புழு போன்ற அந்துப்பூச்சிகளைப் போல இது தன்னைச் சுற்றிப் பட்டுக்கூடு நெய்வதில்லை. காணப்படுவது கடினமான தோலே ஆகும். கொசுவின் கூட்டுப்புழுவோ காற்புள்ளி வடிவில் இருந்து, அசைவு கண்டால் விரைந்து நீருக்குள் நீந்தும். மார்புப் பகுதியிலுள்ள இரு குழல்களால் சுவாசிக்கும். வெப்பமான பகுதிகளில் ஏறத்தாழ இரண்டு நாட்களில் இந்நிலை முடிகிறது.

முதிர்பூச்சி

பட்டாம்பூச்சிக்குச் செதில்கள் மூடிய நான்கு சிறகுகள் உண்டு. கொசுவுக்கு இரண்டு சிறகுகளே உள்ளன. பின்சிறகுகள் பறத்தலில் சமநிலை பேணும் சிறு குமிழ் உறுப்புகளாக மாறியுள்ளன. இரண்டும் தேன் அருந்துகின்றன. பெண் கொசு மட்டுமே, முட்டைகள் உருவாகத் தேவையான புரதத்திற்காக இரத்தம் குடிக்கிறது.

ஒப்பீடு

- வாழிடம்: பட்டாம்பூச்சியின் எல்லா நிலைகளும் நிலத்தில், கொசுவின் குடம்பியும் கூட்டுப்புழுவும் நீரில்.
- குடம்பியின் உணவு: பட்டாம்பூச்சிக்கு இலை, கொசுவுக்கு நுண்ணுயிர்களும் மட்கிய பொருட்களும்.
- கூட்டுப்புழு: பட்டாம்பூச்சியில் இடம் பெயராதது, கொசுவில் நீந்துவது.
- முட்டை முதல் முதிர்பூச்சி வரை: எலுமிச்சைப் பட்டாம்பூச்சிக்கு ஏறத்தாழ ஒரு மாதம், ஏடிசு எசிப்திக்கு வெப்பமான காலத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள்.

கட்டுப்படுத்தலில் பயன்பாடு

ஏடிசு எசிப்தியின் வளர்ச்சி ஒரு வாரத்திற்குள்ளேயே முடியக்கூடும் என்பதால், நீர்க்கலங்களை வாரம் ஒருமுறையேனும் காலிசெய்து தேய்க்குமாறு அறிவுறுத்தப்படுகிறது. 1976 இல் இசுரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டறியப்பட்ட ஒரு பாக்டீரியா வகை (பாசில்லசு துரிஞ்சியென்சிசு இசுரேலென்சிசு) கொசுக் குடம்பிகளைக் கொல்லப் பயன்படுகிறது. குடம்பி அதனை உண்டால் மட்டுமே நச்சு செயற்படும். எனவே உண்ணாத கூட்டுப்புழுவை அது பாதிப்பதில்லை. இதே பாக்டீரியாவின் மற்றொரு வகையான குர்சுடாக்கி, இலை தின்னும் புழுக்களுக்கு எதிராக வேளாண்மையில் தெளிக்கப்படுகிறது. அது தீங்கு செய்யும் புழுக்களை மட்டுமன்றிப் பிற பட்டாம்பூச்சிப் புழுக்களையும் கொல்லக்கூடும்.

வரலாறு

செருமானிய ஓவியரும் இயற்கையியலாளருமான மரியா சிபில்லா மெரியன், புழுக்கள் உருமாறும் விதத்தை அவற்றின் உணவுச் செடிகளுடன் வரைந்து 1679 இல் நூலாக வெளியிட்டார். மஞ்சள் காய்ச்சலைக் கொசு பரப்புகிறது என்னும் கருத்தைக் கியூபா நாட்டு மருத்துவர் கார்லோசு பின்லே 1881 இல் முன்வைத்தார். 1900 இல் வால்டர் ரீடு தலைமையிலான குழு இதனை உறுதிசெய்தது. அக்கொசு ஏடிசு எசிப்தியே ஆகும். 1897 இல் ரொனால்டு ராசு செகந்திராபாத்தில் அனோபிலிசு கொசுவின் உடலில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டறிந்தார். இவ்வாய்வுக்காக 1902 இல் நோபல் பரிசு பெற்றார்.