பூரி ஜெயவிஜய வாயிலில் ஓர் அரசாணை

பூரிக்குச் செல்வோர் கண்டு திரும்புபவை பெரும்பாலும் இவை: அகன்ற தேர்வீதி, கொணார்க்கிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டுச் சிங்கவாயிலின் முன் நிறுத்தப்பட்ட பதினாறு பட்டை அருணத்தூண், ஆனந்த பஜாரில் மண்சட்டிகளில் கிடைக்கும் மகாபிரசாதம், பிறகு கடல். கருவறையை நோக்கி நெருக்கியடித்துச் செல்லும் கூட்டத்தில் ஜெயவிஜய வாயிலின் பக்கங்களை நின்று பார்ப்பவர் அரிது. ஜகந்நாதர் கோயில் வரலாற்றின் முதன்மையான ஆவணங்களுள் சில அங்கேதான் பொறிக்கப்பட்டுள்ளன. கஜபதி அரசர்கள் ஒடியா மொழியில் வெளியிட்ட ஆணைகள் அவை. மன்மோகன் சக்ரவர்த்தி 1893இல் அவற்றைப் பதிப்பித்தார்.

அவற்றுள் ஒன்று பிரதாபருத்திர தேவருடையது. 1499ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கல்வெட்டு அதை ‘நான்காம் அங்கம்’ என்று குறிக்கிறது. ஒடிய அரசர்களின் அங்கக் கணக்கில் 1ஐயும், 6இல் முடியும் எண்களையும், 10 நீங்கலாக 0இல் முடியும் எண்களையும் விட்டுவிடுவர். ஆகவே நான்காம் அங்கம் என்பது மூன்றாம் ஆட்சியாண்டே. இதை அறியாமல் கல்வெட்டின் எண்ணை அப்படியே கூட்டினால் காலம் பிழைபடும்.

ஆணையின் சாரம் இது. பலராமருக்கும் ஜகந்நாதருக்கும் மாலைப் படையல் முடிந்தது முதல் இரவின் இறுதி அலங்காரமாகிய படசிங்காரம் வரை ஆடல் நிகழ வேண்டும். ஆடும் மகளிர் அனைவரும் கீதகோவிந்தத்தை மட்டுமே கற்க வேண்டும். வேறு பாடல் கூடாது. நால்வர் வைணவப் பாடகர் உளர். அவர்களும் அதையே பாடுவர். பாடல் அறியாதோர் அவர்கள் பாடக் கேட்டு ஒரே குரலில் கற்க வேண்டும். தெரிந்தே வேறு பாடலை அனுமதிக்கும் அதிகாரி ஜகந்நாதருக்குத் துரோகம் செய்தவர் ஆவார்.

இவ்வாணையைப் பக்தியின் வெளிப்பாடாக மட்டும் படிப்பது போதாது. ஒரு விலக்கு ஆணை, தான் விலக்கும் பொருள் அங்கே இருந்தது என்பதற்குச் சான்று. வேறு பாடல்கள் பாடப்பட்டன. அதனால்தான் அவை தடுக்கப்பட்டன. பிரதாபருத்திரரின் தந்தை புருஷோத்தம தேவர் பெயரால் ‘அபிநவ கீதகோவிந்தம்’ என்றொரு நூல் வழங்குகிறது. தடுக்கப்பட்டவற்றுள் அதுவும் அடங்குமோ என ஆய்வாளர் சிலர் ஐயுறுவதற்கு இடமுண்டு.

ஆடல் மகளிரின் பட்டியல் இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. பழைய குழுவினரோடு தெலுங்குக் குழுவினரையும் ஆணை தனியே பெயர் சுட்டுகிறது. ஆணையின் மொழி ஒடியா. பாடவேண்டிய நூலின் மொழி சமஸ்கிருதம். ஆடுவோரில் ஒரு பகுதியினர் தெலுங்கு நாட்டுத் தொடர்புடையோர். இந்நிலையில் ‘கேட்டுக் கற்க’ என்னும் விதி வெறும் நடைமுறைக் குறிப்பு அன்று. ஒரு நூலைப் பல மொழியினரின் நாவில் ஏற்றுவதற்கு அரசு வகுத்த கற்பித்தல் முறை அது. எழுத்து வாயிலில் நின்றது. கல்வி செவிவழி நடந்தது.

இப்பன்மொழிச் சூழல் 15ஆம் நூற்றாண்டில் திடீரெனத் தோன்றியதும் அன்று. இன்றுள்ள கோயிலை 12ஆம் நூற்றாண்டில் தொடங்கியவர் கீழைக் கங்க அரசர் அனந்தவர்ம சோடகங்கர். அவர் தாய் ராஜசுந்தரி சோழ இளவரசி. முகலிங்கத்தில் அவர் காலக் கல்வெட்டுகள் தெலுங்கிலும் உள்ளன. அவர் வழிவந்த மூன்றாம் அனங்கபீமரின் அரசி சோமலாதேவி 1230இல் காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலுக்குக் கொடை அளித்தார். புவனேஸ்வரத்தில் ஒடியாவும் தமிழும் இணைந்த இருமொழிக் கல்வெட்டும் கிடைத்துள்ளது. தமிழ் மாணவர்க்கோ சோடகங்கர், கலிங்கத்துப்பரணியில் குலோத்துங்கன் படைக்குத் தோற்றோடிய கலிங்க மன்னனாக மட்டுமே அறிமுகமாகிறார். பரணி வென்றவர் பக்கத்து இலக்கியம்; அது தன் வேலையைச் செவ்வனே செய்தது. தோற்றவர் எழுப்பிய கோயிலையும் அவர் வழியினரின் கல்வெட்டுகளையும் அதனோடு சேர்த்துப் படிக்கும் பொறுப்பு நம்முடையது.

ஆணையில் இடம்பெற்ற மகளிரின் நிலை என்ன? பூரியில் அவர்களை மகாரிகள் என்பர். 20ஆம் நூற்றாண்டில் அவர்தம் கோயிற்பணி தேய்ந்து மறைந்தது. கடைசி மகாரி எனக் கருதப்பட்டவர் 2021இல் காலமானார். கீதகோவிந்த வரிகள் நெய்த கண்டுவா பட்டாடை மட்டும் இன்றும் படசிங்கார வேளையில் இறைவனுக்குச் சாத்தப்படுகிறது. ஆணை குறித்த அதே பொழுது, அதே நூல். பாடிய பெண்கள் மட்டும் இல்லை.

அவர்கள் எவ்வாறு ஒலித்தனர், சமஸ்கிருதச் சொற்களைத் தெலுங்கு நாவும் ஒடிய நாவும் எங்கே வளைத்தன என்பவை பதிவாகாமலே போயின. கல்வெட்டு பெண்களுக்கு என்ன விதித்தது என்று சொல்கிறது. அவர்கள் என்ன அறிந்திருந்தனர் என்று சொல்வதில்லை. கோயில் வரலாற்றைக் கல்வெட்டுகளைக் கொண்டே எழுதி நிறைவடையும் நம் துறையினர் இவ்விடைவெளியை நினைவில் கொள்ள வேண்டும். இந்தியக் கோயில் பலவற்றில் ஓதுவோர், பாடுவோர், பறை முழக்குவோர் இன்னும் உள்ளனர். வாயிற்சுவரைப் படியெடுக்கச் செல்லும் மாணவர், அவ்வாயிலில் பணிசெய்யும் முதியோரின் குரலையும் பதிந்து வருவாராக. கல் காத்திருக்கும், குரல் காத்திராது.