பெருங்களத்தூர் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ்: ஒரு கார் ஆலையின் நாற்பதாண்டுகள்

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1948ஆம் ஆண்டு சென்னையில் உருவானது. இங்கிலாந்தின் காவன்ட்ரி நகரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும், சென்னையில் மோட்டார் வண்டி வணிகத்தில் இருந்த யூனியன் கம்பெனி (மோட்டார்ஸ்) நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய கூட்டு முயற்சி இது. தாம்பரத்துக்குத் தெற்கே, பீர்க்கன்கரணையைக் கடந்ததும் வரும் பெருங்களத்தூரில், வண்டலூர் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையோரம் ஆலை எழுந்தது. அங்கிருந்து 1988 வரை கார்களும் வேன்களும் வெளிவந்தன. விடுதலை பெற்ற இந்தியாவில் பயணிகள் கார் செய்ய அரசு அனுமதித்த நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை; தென்னிந்தியாவில் அந்தத் தொழிலில் நிலைத்து நின்றது இந்த ஆலைதான்.

இதன் வரலாற்றை 1985இல் வந்த ‘ஸ்டாண்டர்டு 2000’ காரின் தோல்வியாகச் சுருக்கிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கம் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆலை நலிந்தது அதற்கும் பல ஆண்டுகள் முன்னரே. இந்தியச் சாலைக்கு ஏற்ப ஒரு வண்டியை மாற்றி வடிவமைக்கும் திறமை ஆலைக்குள் இருந்தது. அந்தத் திறமையைத் தாங்கும் அளவுக்கு உற்பத்தி எண்ணிக்கையும் முதலீடும் கூடவில்லை. 2000 என்ற கார் அந்த நலிவின் கடைசிக் கட்டம் மட்டுமே.

ஆலை அமைந்த இடத்துக்கு வசதிகள் இருந்தன. பாகங்கள் கப்பலில் வந்திறங்கும் சென்னைத் துறைமுகம் ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கும் தொலைவு. எழும்பூரிலிருந்து செங்கல்பட்டு செல்லும் இரயில் பாதை அருகிலேயே ஓடியது. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931 முதலே இயங்கிவந்தது. ஏரிப் பாசன ஊர்களாக இருந்த பீர்க்கன்கரணை, இரும்புலியூர், பெருங்களத்தூர் பகுதியில் பெரிய ஆலைக்கான நிலமும் கிடைத்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு பிரிட்டன் அந்நியச் செலாவணிக்காகத் தன் கார் நிறுவனங்களை ஏற்றுமதிக்கு விரட்டிக்கொண்டிருந்தது. ஏற்றுமதி செய்பவர்களுக்கே எஃகு ஒதுக்கீட்டில் முன்னுரிமை. 1903இல் ரெஜினால்ட் மாட்ஸ்லே தொடங்கிய ஸ்டாண்டர்டு நிறுவனம் வெளிநாட்டுச் சந்தை தேடிவந்த பின்னணி இது.

முதலில் வந்தது வான்கார்டு. பகுதி பகுதியாகப் பெட்டிகளில் அனுப்பப்பட்டதை இங்கே பூட்டி வண்டியாக்கினார்கள். வான்கார்டின் 2088 சி.சி. இன்ஜின், கழற்றி மாற்றத்தக்க ஈர உருளைகள் கொண்டது. காவன்ட்ரியில் அதே நிறுவனம் செய்த ஃபெர்குசன் டிராக்டரிலும் அந்த இன்ஜின் குடும்பமே ஓடியது. உழவு வண்டிக்கும் கனத்த காருக்கும் பொதுவான இந்த இன்ஜினை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஆலையின் இறுதிக் காலத்தில் இது மறுபடியும் வருகிறது. வான்கார்டை அடுத்து ஸ்டாண்டர்டு எய்ட், டென், பென்னன்ட் ஆகிய சிறிய கார்கள் வந்தன. எய்ட் 1953இல் பிரிட்டனில் அறிமுகமானபோது சிக்கனத்தின் எல்லையைத் தொட்டது. ஜன்னல் கண்ணாடிகள் பக்கவாட்டில் தள்ளித் திறப்பவை. தொடக்க வண்டிகளில் டிக்கிக்கு வெளிக்கதவே இல்லை, பின் இருக்கையை மடக்கித்தான் சாமான் வைக்க வேண்டும். அதன் 803 சி.சி. இன்ஜினே டென்னில் 948 சி.சி. ஆக வளர்ந்தது.

அந்த ஆண்டுகளில் இந்தியாவில் கார் பூட்டுவோர் பலர் இருந்தனர். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் போருக்கு முன்பிருந்தே வண்டிகளைப் பூட்டி விற்றன. சென்னையில் அடிசன் நிறுவனம் மாரிஸ் கார்களைப் பூட்டியது. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் கார்களுடன் தொடங்கியது. சுங்கவரிக் குழு 1953இல் அளித்த அறிக்கை இந்த நிலையை மாற்றியது. படிப்படியாக உள்நாட்டிலேயே பாகங்களைச் செய்யும் திட்டம் உள்ளவர்கள் மட்டுமே தொடரலாம் என்று முடிவாயிற்று. அமெரிக்க நிறுவனங்கள் இரண்டும் வெளியேறின. அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்டாகி லாரி, பஸ் பக்கம் திரும்பியது. காரில் எஞ்சியவை உத்தரபாராவின் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயின் பிரீமியர், பெருங்களத்தூரின் ஸ்டாண்டர்டு ஆகிய மூன்று. போட்டியாளர்களை அரசே விலக்கிக் கொடுத்தது பெரிய சலுகை. ஆனால் என்ன செய்வது, எத்தனை செய்வது, எந்த விலைக்கு விற்பது என்பவற்றில் அரசின் கையை மீற முடியாத நிலையும் அத்துடன் வந்தது.

1961இல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு இந்த ஆலையின் உச்சம். பிரிட்டனில் 1959இல் டிரயம்ஃப் என்ற பெயரில் வந்த கார் இது; உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கலாட்டி. அதன் கட்டமைப்புக்குப் பின்னால் ஒரு நெருக்கடி உண்டு. ஸ்டாண்டர்டுக்கு உடற்கூடு செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டியாளரான பி.எம்.சி. 1953இல் வாங்கிவிட்டது. முழுக்கூட்டையும் ஒரே துண்டாக இணைத்துத் தர ஆளில்லாமல் போகவே, அந்தக் காலத்தில் பழையதாகிவிட்ட முறைக்கு நிறுவனம் திரும்பியது. அடியில் தனிச் சேசிஸ். அதன்மேல் முன்பகுதி, நடுப்பகுதி, பின்பகுதி, கூரை என்று தனித்தனியே செய்து போல்ட்டால் முடுக்கும் உடல். பிரிட்டனில் வேறு வழியின்றி எடுத்த இந்த முடிவு, பெருங்களத்தூருக்குப் பெரிய வாய்ப்பாக அமைந்தது. ஒருங்கிணைந்த கூடு செய்யத் தேவையான மாபெரும் அழுத்து இயந்திரங்களும் அவற்றுக்கான அச்சுகளும் சிறிய எண்ணிக்கையில் உற்பத்தி செய்யும் ஆலைக்குக் கட்டுப்படியாகாதவை. ஹெரால்டில் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே உள்நாட்டுக்குக் கொண்டுவரலாம். ஒன்றை மாற்றினால் மற்றது கெடாது.

பழுதுபார்க்கும் மெக்கானிக்குக்கும் இது உகந்த வண்டியாக இருந்தது. இரு பக்கக் கொக்கிகளையும் விடுவித்தால், பானட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். இன்ஜின், ஸ்டீயரிங், முன் சஸ்பென்ஷன் அனைத்தும் வெட்டவெளியில் நிற்கும். மெக்கானிக் முன் டயரின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். சுமார் 25 அடி விட்டத்துக்குள் முழுவட்டம் திரும்பக்கூடிய அதன் லாவகம், குறுகிய தெருக்கள் நிறைந்த நகரங்களில் வேறெந்தக் காருக்கும் இல்லாதது.

குறை பின் அச்சில் இருந்தது. குறுக்காக வைத்த ஒரே லீஃப் ஸ்பிரிங், நடுவில் சேசிஸோடு பிணைந்த டிஃபரன்ஷியல், அதிலிருந்து இரு பக்கமும் ஊசலாடும் அரை அச்சுகள் என்பது அதன் அமைப்பு. காலியான வண்டியில் இது மென்மையாக ஓடும். பின் இருக்கையில் மூவர், டிக்கியில் பெட்டி படுக்கை என்று ஏறியதும் சக்கரங்களின் மேற்பகுதி உட்புறம் சாய்ந்து, டயர் ஓரமாகத் தேயும். குடும்பத்தோடு குண்டும் குழியுமான சாலையில் நெடுந்தூரம் போகும் இந்தியப் பயணத்துக்கு அந்த அச்சு உருவாக்கப்படவில்லை. வாங்கியவர்களும் மெக்கானிக்குகளும் அதை விரும்பவில்லை.

ஆலை இதற்குச் செய்த எதிர்வினைதான் வரலாற்றாசிரியர் ஊன்றிப் பார்க்க வேண்டியது. முதல் மாற்றம் கதவுகளில். பிரிட்டனில் ஹெரால்டு செடானுக்கு என்றுமே இரண்டு கதவுதான். 1960களின் பிற்பகுதியில் பெருங்களத்தூர் ஆலை நான்கு கதவு ஹெரால்டைக் கொண்டுவந்தது. உலகில் வேறெங்கும் அது செய்யப்படவில்லை. தாய் நிறுவனத்துடனான பிணைப்பு 1970 வாக்கில் அறுந்த பிறகு, 1972இல் கெசல் என்ற கார் வந்தது. முன்முகமும் பின்பகுதியும் இங்கேயே திருத்தி வரையப்பட்டன. ஊசலாடும் அச்சை நீக்கி, இரு சக்கரங்களையும் நேராக இணைக்கும் முழு அச்சு பொருத்தப்பட்டது. இன்ஜின் பழைய 948 சி.சி.யே. வாடிக்கையாளர் பத்தாண்டுகளாகச் சொல்லிவந்த குறையைக் கேட்டு, சஸ்பென்ஷனின் அடிப்படையையே மாற்றிய துணிவு அன்றைய இந்தியக் கார் தொழிலில் அரிது. அதே காலத்தில் இந்துஸ்தானின் அம்பாசிடரும் பிரீமியரின் ஃபியட்டும் பெரும்பாலும் முன்பக்கக் கிரில்லையும் விளக்குகளையும் மாற்றிக்கொண்டு ‘புதிய மாடல்’ என்று வந்துகொண்டிருந்தன. கெசலை இந்திய வடிவமைப்பின் முதல் முயற்சிகளுள் ஒன்றாக வைப்பதே நியாயம்.

ஹெரால்டின் காலம் சென்னை உதிரிபாகத் தொழிலின் தொடக்க காலமும்கூட. வீல்ஸ் இந்தியா 1960இலும், லூகாஸ் டி.வி.எஸ். 1961இலும், பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் கிளேட்டனும் 1962இலும் தொடங்கின. இந்தியா பிஸ்டன்ஸ் 1949 முதலே இருந்தது. லாரியும் பஸ்ஸும் இந்த நிறுவனங்களின் முதன்மை வாடிக்கை என்றாலும், உள்ளூரில் ஒரு கார் ஆலை இருந்தது இந்தத் தொழில் சூழலின் ஓர் அங்கம்.

இவ்வளவு இருந்தும் ஆலை தழைக்காததற்குக் காரணம் எண்ணிக்கை. மூன்று நிறுவனங்களில் மிகச் சிறியது இது. 1951ஆம் ஆண்டுத் தொழில் சட்டத்தின்படி உற்பத்தித் திறனைப் பெருக்க உரிமம் வேண்டும். இயந்திரம் தருவிக்க இறக்குமதி அனுமதி வேண்டும். 1957–58இன் அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பிறகு அந்த அனுமதி இன்னும் இறுகியது. 1966இன் ரூபாய் மதிப்புக் குறைப்பு, இறக்குமதிப் பாகங்களின் விலையை ஒரே நாளில் பாதிக்கும் மேல் உயர்த்தியது. விற்பனை விலையோ அரசின் கட்டுப்பாட்டில். 1969இல் விலைக் கட்டுப்பாடு சட்டபூர்வமான ஆணையாக வந்தபோது, கார் நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம்வரை சென்று வழக்காடின. பெரிய ஆலைகள் தங்கள் எண்ணிக்கையால் நிலையான செலவைப் பரப்பிக்கொண்டன. சிறிய ஆலையால் அது முடியவில்லை. புதிய இன்ஜினுக்கு முதலீடு சேர வேண்டிய காலத்தில்தான் லாபம் மெலிந்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடி பெட்ரோல் விலையை ஏற்றிக் கார் சந்தையையே சுருக்கியது. கெசல் சிறு எண்ணிக்கையில் வந்து 1977இல் நின்றது. அதன்பிறகு பிரிட்டனின் லேலண்ட் வடிவத்தை ஒட்டிய ‘ஸ்டாண்டர்டு 20’ வேன்தான் ஆலையின் அடுப்பை எரியவிட்டது.

மாருதி 800 1983 டிசம்பரில் சந்தைக்கு வந்ததும் பழைய நிறுவனங்கள் மூன்றும் ஒரே வழியைத் தேர்ந்தன: ஐரோப்பாவில் ஓய்வுபெறும் ஒரு பெரிய காரின் உற்பத்தி அச்சுகளை வாங்கி, வசதி படைத்தவருக்கு விற்பது. இந்துஸ்தான் வாக்சாலிடமிருந்து கான்டசாவையும், பிரீமியர் ஃபியட் 124இலிருந்து 118என்.இ.யையும் கொண்டுவந்தன. ஸ்டாண்டர்டு எடுத்தது 1976இல் வந்து ஐரோப்பாவின் சிறந்த கார் விருது பெற்ற ரோவர் எஸ்டி1. 1985இல் ‘ஸ்டாண்டர்டு 2000’ ஆக அது வெளிவந்தபோது, தரையிலிருந்து உடல் உயர்த்தப்பட்டிருந்தது. 3.5 லிட்டர் வி8 இன்ஜினையும் தாங்கிய அந்தக் கூட்டுக்குள் இருந்தது 1991 சி.சி. இன்ஜின். வான்கார்டில் வந்திறங்கிய ஈர உருளைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சுமார் 83 குதிரைத்திறன். கனத்த உடலை இழுக்க அது திணறியது, பெட்ரோலையும் தாராளமாகக் குடித்தது. உயர்ந்த விலை கொடுத்து வாங்கியவர் எதிர்பார்த்தது இதுவல்ல.

பிரீமியர் தன் புதிய காருக்கு நிசான் இன்ஜினைத் தேடிப்போனது. கான்டசாவும் முதலில் அம்பாசிடரின் பழைய இன்ஜினோடுதான் வந்தது. அந்தத் தவறைச் சில ஆண்டுகளில் இசுசு இன்ஜினால் இந்துஸ்தான் திருத்திக்கொண்டது. பெருங்களத்தூருக்கு அந்தச் சில ஆண்டுகள் வாய்க்கவில்லை. ஏனெனில் அதற்குத் தாங்கிப்பிடிக்க வேறு கார் எதுவும் விற்பனையில் இல்லை. கார் செய்யாத எட்டாண்டு இடைவெளியில் விற்பனை வலையும் வாடிக்கையாளரின் நம்பிக்கையும் தளர்ந்திருந்தன. நான்கு கதவு ஹெரால்டையும் கெசலையும் உருவாக்கிய ஆலை, நொய்ந்துபோன பின் ஒரே சீட்டில் எல்லாவற்றையும் வைத்தது என்பதே சரியான மதிப்பீடு. 1988இல் உற்பத்தி நின்றது. பிரிட்டனில் கார்களுக்கு ஸ்டாண்டர்டு என்ற பெயர் 1963லேயே வழக்கொழிந்தது. அதற்குப் பின் கால் நூற்றாண்டு அந்தப் பெயரைச் சுமந்தது இந்த ஆலைதான்.

எஞ்சிய சரக்கு 2006இல் ஏலம் போனது. பயன்படுத்தப்படாத எஸ்டி1 பாகங்களை வாங்கியது பிரிட்டனின் ரிம்மர் பிரதர்ஸ்; அங்கே பழைய ரோவர்களை ஓட்டுபவர்களுக்கு அவை பயன்பட்டன. ஆலை வளாகத்தில் ஸ்ரீராம் கேட்வே தகவல் தொழில்நுட்பப் பூங்கா எழுந்தது. பீர்க்கன்கரணையும் பெருங்களத்தூரும் 2021இல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தன. இதே ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே மறைமலைநகரில் 1990களில் ஃபோர்டும், இன்னும் தெற்கே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007இல் பி.எம்.டபிள்யூ.வும் ஆலை அமைத்தன.

சென்னையின் கார் தொழில் வரலாற்றை ஃபோர்டு வந்த 1990களிலிருந்து எழுதத் தொடங்கும் பழக்கத்தை ஆய்வாளர்கள் கைவிட வேண்டும். ஆலையில் பணியாற்றிய பொறியாளர்களும் தொழிலாளர்களும் முதிர்ந்த வயதில் இருக்கும் இந்த நேரத்திலேயே அவர்களின் வாய்மொழி பதிவாக வேண்டும். கெசலின் வரைபடங்களும் பட்டறைக் கையேடுகளும் யாரிடமேனும் இருந்தால், அவை மாநில ஆவணக் காப்பகத்தையோ ஒரு பல்கலைக்கழக நூலகத்தையோ சென்று சேர வேண்டும்.